ஆறு பைட்டுக்குள் ஓர் அண்டம்

பழைய கம்ப்யூட்டர்களைப் பற்றி யார் எழுதினாலும், எங்காவது ஓரிடத்தில் இந்த வாக்கியம் தலைகாட்டிவிடும்: "அந்தக் காலத்தில் மெமரி ரொம்பக் குறைவு. அதனால்தான் அவ்வளவு புத்திசாலித்தனமாக புரோகிராம் எழுதினார்கள்." கேட்க நல்லாத்தான் இருக்கு. நானும் பல வருஷம் இதை நம்பி, வயசுல சின்ன நண்பர்களுக்குப் பாடம் மாதிரி சொல்லியும் இருக்கேன். "விரலுக்கேத்த வீக்கம்"னு ஒரு பழமொழியையும் சேர்த்துச் சொல்லி முடிப்பேன்.

கொஞ்ச நாளாக 'எலீட்' என்ற விளையாட்டின் மூல நிரலைப் படிச்சுக்கிட்டு இருக்கேன். 1984-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. எழுதிய இருவரில் ஒருவரான இயன் பெல் நிரலை இணையத்தில் எல்லோருக்கும் வைத்திருக்கிறார். மார்க் மாக்ஸன் என்பவர் அதற்கு வரிக்கு வரி உரை எழுதியிருக்கிறார். நம்மூர் உரையாசிரியர்கள் தோற்றார்கள், அவ்வளவு பொறுமை. படிக்கப் படிக்க, நான் சொல்லிக்கொண்டிருந்த பாடத்தில் பாதிதான் உண்மைன்னு தெரிஞ்சது. மீதிப் பாதி ஒரு வசதியான கட்டுக்கதை. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

துணி போட்டு மூடிய பெட்டி

முதலில் அந்தக் கம்ப்யூட்டர். 1980-களின் தொடக்கத்தில் பிபிசிக்கு ஒரு யோசனை வந்தது: தொலைக்காட்சி வழியாக மக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க வேண்டும், அதற்குத் தன் பெயரிலேயே ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கேம்பிரிட்ஜில் இருந்த ஏக்கார்ன் நிறுவனத்துக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோர் வடிவமைத்த 'பிபிசி மைக்ரோ' 1981 டிசம்பரில் வந்தது. 1982 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடரும் தொடங்கியது. (இதே இருவர்தான் பிறகு ஏ.ஆர்.எம். சில்லை உருவாக்கினார்கள். உங்கள் கைபேசிக்குள் இருப்பது அதன் வாரிசாகத்தான் இருக்கும்.)

அந்தக் கம்ப்யூட்டரின் 'மாடல் பி' வகையில் மெமரி 32 கே.பி. 6502 என்ற 8-பிட் சில், வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். 32 கே.பி. எவ்வளவு சின்னதுன்னு புரிய ஒரு கணக்கு: யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும். நீங்கள் இப்போது படிக்கும் இந்தக் கட்டுரையையே அந்த மெமரியில் முழுசாக வைக்க முடியாது.

இந்தப் பெட்டி நம்மூருக்கும் வந்தது. 1984-ல் மத்திய அரசின் மின்னணுத் துறை 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்கான கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதலில் சுமார் 250 பள்ளிகள். அவற்றுக்குக் கொடுக்கப்பட்டவை பிபிசி மைக்ரோக்கள்தான். பின்னாளில் நான் படித்த பள்ளியிலும் அந்தப் பெட்டிகள் இருந்தன. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். ஏ.சி. அறை, மேசை மேல் வெள்ளைத் துணி போட்டு மூடிய பெட்டி, ஒரு கீபோர்டுக்கு ஐந்து பேர், வாரத்துக்கு ஒரு பீரியட். துணியை எடுத்து, ஆன் பண்ணி, வருகைப் பதிவு முடிந்து, என் கை கீபோர்டில் படும்போது மணி அடிக்க நாலு நிமிஷம் இருக்கும். என் பெயரைத் திரை முழுக்க ஓடவிடும் இரண்டு வரி பேசிக் புரோகிராம்தான் அந்தப் பெட்டியில் நான் செய்த ஆகப்பெரிய சாதனை.

அதே பெட்டியில், அதே 32 கே.பி.யில், இரண்டு பேர் ஓர் அண்டத்தையே கட்டியிருந்தார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

மூணு உயிர், பத்து நிமிஷம்

எலீட் ஏன் பெரிய விஷயம் என்று புரிய, அதற்கு முன் விளையாட்டுகள் எப்படி இருந்தன என்று பார்க்கணும். 1978-ல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்த பிறகு காசு போட்டு ஆடும் பெட்டிகள் உலகம் முழுக்கப் பரவின. அந்த வியாபாரத்தின் கணக்கு எளிது. ஒருவன் ஒரே நாணயத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் கடைக்காரருக்கு நஷ்டம். அதனால் சில நிமிஷங்களில் ஆட்டம் முடியணும். ஆனால் "இன்னும் ஒரு தடவை ஆடிப் பார்ப்போம்" என்ற ஆசையும் விடக்கூடாது. அதற்காக வந்தவைதான் மூன்று உயிர், ஏறிக்கொண்டே போகும் ஸ்கோர், நேரமாக ஆக ஏறும் வேகம்.

வீட்டுக் கம்ப்யூட்டர் வந்தபோது இந்த விதிகளும் கூடவே வந்துவிட்டன. ஏக்கார்னின் மென்பொருள் பிரிவான ஏக்கார்ன்சாஃப்ட் வெளியிட்ட 'ஸ்னாப்பர்' அசலில் பேக்-மேன்தான். 'பிளானட்டாய்டு' அசலில் டிஃபெண்டர். வீட்டில் யாரும் காசு போடுவதில்லை. பையன் ராத்திரி முழுக்க ஆடினாலும் யாருக்கும் நஷ்டமில்லை, அம்மாவின் திட்டைத் தவிர. ஆனாலும் மூணு உயிர், பத்தாயிரம் பாயிண்டுக்கு ஓர் உயிர் இலவசம் என்ற கடைக்காரர் கணக்கு அப்படியே தொடர்ந்தது. காரணம் போனாலும் பழக்கம் போகாது இல்லையா, அந்த மாதிரி.

டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரி மாணவர்கள். 1982-ல் சந்தித்தார்கள். பிரேபன் ஏற்கெனவே தன்னிடம் இருந்த ஏக்கார்ன் ஆட்டம் கம்ப்யூட்டரில் முப்பரிமாணக் கப்பல்களை வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெல், பிபிசி மைக்ரோவுக்காக 'ஃப்ரீ ஃபால்' என்ற விளையாட்டை எழுதி ஏக்கார்ன்சாஃப்ட் வழியே வெளியிட்டவர். இருவரும் சேர்ந்து விண்வெளிச் சண்டை ஒன்றைச் செய்தார்கள். சுட்டார்கள், வெடித்தது, மறுபடி சுட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சலித்துவிட்டது.

அப்போது அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி: எதற்காகச் சுடணும்? பாயிண்டுக்கு என்றால் அது பழைய கதை. பணத்துக்கு என்றால்? பணம் வந்தால் செலவழிக்க ஏதாவது வேணும்: நல்ல லேசர், கூடுதல் சரக்கறை. சுட்டு மட்டும்தான் சம்பாதிக்கணுமா, வியாபாரம் பண்ணக் கூடாதா? வியாபாரம் என்றால் ஓர் ஊரில் மலிவாகவும் இன்னோர் ஊரில் கிராக்கியாகவும் இருக்கணும். அதற்கு நிறைய ஊர்கள் வேணும். இப்படி ஒரு கேள்வி அடுத்த கேள்வியை இழுத்து வந்து, கடைசியில் ஓர் அண்டமே தேவைப்பட்டது.

கையில் 100 கிரெடிட், ஒரு 'கோப்ரா மார்க் 3' கப்பல், 'லேவ்' என்ற கிரகத்தின் நிலையம். அவ்வளவுதான் ஆரம்பம். இதைச் செய்து முடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உணவுப் பொருள் வாங்கி விற்கலாம், கொள்ளையடிக்கலாம், போதைப்பொருள் கடத்திப் போலீஸிடம் மாட்டலாம். ஸ்கோர் கிடையாது; அதற்குப் பதில் ஒரு பட்டம். 'தீங்கற்றவர்' என்ற அடியிலிருந்து தொடங்கி, 6400 கப்பல்களை வீழ்த்தினால் 'எலீட்'. பத்து நிமிஷத்தில் நடக்கிற காரியமா அது? வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆடணும். எங்கே விட்டோமோ அங்கிருந்து தொடர, கேசட்டிலோ ஃப்ளாப்பியிலோ சேமித்துக்கொள்ளலாம்.

இதை அவர்கள் முதலில் தோர்ன் இ.எம்.ஐ. நிறுவனத்திடம் கொண்டு போனார்கள். அங்கிருந்து வந்த பதிலைப் பற்றிப் பிரேபன் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். சாரம் இதுதான்: ஆட்டம் பத்து நிமிஷத்துக்குள் முடியணும், மூணு உயிர் வேணும், ஸ்கோர் வேணும். இரண்டு மாணவர்கள், கையில் முடியாத ஒரு விளையாட்டு, எதிரே பெரிய நிறுவனம். "சரிங்க, மாத்திடறோம்" என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் மாற்றவில்லை. ஏக்கார்ன்சாஃப்ட் கதவைத் தட்டினார்கள். அங்கே கதவு திறந்தது. 1984 செப்டம்பர் 20 அன்று எலீட் வெளிவந்தது.

கோலம் போடும் விதி

சரி, இப்போது தொழில்நுட்பத்துக்கு வருவோம். எலீட்டில் 8 கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 சூரியக் குடும்பங்கள். மொத்தம் 2048 ஊர்கள். ஒவ்வோர் ஊருக்கும் பெயர், வரைபடத்தில் இடம், ஆட்சிமுறை, பொருளாதாரம், தொழில்நுட்ப நிலை, மக்கள்தொகை, அங்கே வசிக்கும் இனம். ஓர் ஊருக்கு வெறும் 20 பைட் வைத்தாலும் 40 கே.பி. ஆகிவிடும். கம்ப்யூட்டரில் இருப்பதே 32. அதிலும் திரைக்கு ஏறக்குறைய 8 கே.பி., கம்ப்யூட்டரின் சொந்த வேலைகளுக்குக் கொஞ்சம் என்று போனால் மிச்சம் 22 கே.பி. சொச்சம். அதற்குள் மொத்த விளையாட்டும் அடங்கணும்.

விடை நம்ம வீட்டு வாசலிலேயே இருக்கு. கோல நோட்டில் "ஊடுபுள்ளி, 15-லிருந்து 8 வரை" என்று ஒரே ஒரு வரி எழுதியிருப்பாங்க. புள்ளிகளை வரைந்து காட்டியிருக்க மாட்டாங்க. ஆனால் அந்த வரியைப் படித்தவர் நடுவில் 15 புள்ளி, இருபுறமும் 14, 13 என்று குறைத்து 8 வரை வைத்து, 169 புள்ளிகளையும் பிசகாமல் வைத்துவிடுவார். மதுரையில் வைத்தாலும் மயிலாப்பூரில் வைத்தாலும் அதே 169. நோட்டில் இருப்பது கோலம் இல்லை. கோலத்தைப் போடும் விதி.

எலீட் செய்தது இதைத்தான். அதில் எந்த ஊரும் சேமித்து வைக்கப்படவில்லை. சேமித்திருப்பது மூன்று எண்கள் மட்டும்: 23114, 584, 46931. ஒவ்வொன்றும் இரண்டு பைட், ஆக ஆறு பைட். மூன்றையும் கூட்டு. 65,536-ஐத் தாண்டினால் அதைக் கழித்துவிடு. முதல் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, வந்த விடையைக் கடைசியில் சேர். மறுபடி கூட்டு.

சின்ன எண்களில் செய்து பாருங்க. 2, 4, 7. கூட்டினால் 13, பத்தை விட்டால் 3. அடுத்து 4, 7, 3: கூட்டினால் 14, அதில் 4. அடுத்து 7, 3, 4: மறுபடி 4. இப்படியே போனால் 2, 4, 7, 3, 4, 4, 1, 9, 4, 4, 7 என்று ஒரு வரிசை வரும். பார்க்கத் தாறுமாறாக இருக்கும், ஆனால் எத்தனை தடவை செய்தாலும் இதே வரிசைதான் வரும். எலீட்டில் இப்படி நாலு தடவை சுற்றினால் அடுத்த ஊர். அந்த நேரத்தில் கையிலிருக்கும் ஆறு பைட்டின் பிட்டுகளிலிருந்தே அந்த ஊரின் எல்லா விவரமும் எடுக்கப்படும். மூன்று பிட் ஆட்சிமுறை: அராஜகத்திலிருந்து கார்ப்பரேட் அரசு வரை எட்டு வகை. இன்னொரு மூன்று பிட் பொருளாதாரம். அதை வைத்து விலைவாசி: விவசாய ஊரில் உணவு மலிவு, தொழில் ஊரில் கம்ப்யூட்டர் மலிவு.

பெயர்களும் அப்படித்தான். இரண்டிரண்டு எழுத்தாகச் சில ஜோடிகளின் ஒரு பட்டியல். ஐந்து பிட் எடுத்து ஒரு ஜோடி, அடுத்த ஐந்தில் இன்னொன்று. ஸா, ஆன், ஸே சேர்ந்தால் ஸாயோன்ஸே. லே, எஸ், டி சேர்ந்தால் லீஸ்டி. டி, ஆன், இஸ், லா சேர்ந்தால் டியானிஸ்லா. பெரும்பாலும் உயிரும் மெய்யும் மாறி மாறி வரும் ஜோடிகள் என்பதால், எப்படிச் சேர்த்தாலும் வாயில் நுழையும் ஒரு பெயர் வந்துவிடும். எங்கோ நிஜமாக இருக்கும் ஊர் மாதிரியே ஒலிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அடுத்தது. 5000 கிரெடிட் கொடுத்து ஒரு சிறப்பு எந்திரம் வாங்கினால் அடுத்த கேலக்ஸிக்குத் தாவலாம். நிரலில் அப்போது நடப்பது என்ன தெரியுமா? அந்த ஆறு பைட்டில் ஒவ்வொன்றின் பிட்டுகளும் ஓர் இடம் நகர்கின்றன; ஓரத்தில் விழுந்தது மறுகோடிக்கு வருகிறது. வட்டமாக உட்கார்ந்த எட்டுப் பேர் ஆளுக்கு ஓர் இடம் நகர்கிற மாதிரி. தொடக்க எண்கள் மாறியதால் எல்லா ஊர்களும் மாறிவிடும். எட்டு தடவை நகர்ந்தால் அவரவர் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள்; நாமும் முதல் கேலக்ஸிக்கே வந்துவிடுவோம். எட்டு கேலக்ஸி ஏன் என்றால், பைட்டுக்கு எட்டு பிட் என்பதால்.

கப்பல் நகர்வதே இல்லை

திரையிலும் இதே சிக்கனம்தான். அகலம் 256 புள்ளி. காரணம், ஒரு பைட்டில் அடங்கும் எண்கள் 0 முதல் 255 வரை. அதைத் தாண்டினால் ஒவ்வொரு கணக்குக்கும் இரட்டை வேலை. மேலே விண்வெளி இரண்டே நிறத்தில், நுணுக்கமாக. கீழே கருவிப் பலகை நாலு நிறத்தில், கொஞ்சம் தடிமனாக. ஒரே நேரத்தில் இரண்டு விதமான திரையைக் காட்ட அந்தக் கம்ப்யூட்டரில் வழி இல்லை. அதனால் டி.வி. படத்தை மேலிருந்து கீழாக வரைந்துகொண்டு வரும்போது, பாதி வழியில் சரியான கணத்தில் திரை முறையை மாற்றிவிடுகிறது நிரல். நொடிக்கு 50 தடவை.

6502 சில்லுக்குப் பெருக்கல் தெரியாது. கூட்டல், கழித்தல், இடம் நகர்த்தல் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு முப்பரிமாணக் கப்பல்களைச் சுழற்றணும். அவர்கள் எடுத்துக்கொண்ட ஏற்பாடு: ஆடுபவரின் கப்பல் எப்போதும் மையத்திலேயே இருக்கும். நாம் கப்பலைத் திருப்பினால், கப்பலுக்குப் பதில் சுற்றியுள்ள கிரகம், நிலையம், எதிரி எல்லாமே நம்மைச் சுற்றித் திரும்பும். பஸ்ஸில் போகும் குழந்தை "மரம் ஓடுது"ன்னு சொல்லுமே, அதை அப்படியே கணக்காக எழுதிவிட்டார்கள்.

வேண்டாம் என்று வைத்த எல்லை

இதுவரை படித்தவர்கள், "அப்போ மெமரி இல்லாததுதானே காரணம்? அந்த வாக்கியம் சரிதானே?"ன்னு கேட்கலாம். நானும் இங்கே வந்து அப்படித்தான் நின்றேன். ஆனால் ஒரு விஷயம் இடித்தது.

ஆறு பைட் என்றால் 48 பிட். 48 பிட்டில் எழுதக்கூடிய தொடக்க எண்கள் எத்தனை? 28 போட்டு அதன் பின்னால் 13 பூஜ்யம், தோராயமாக. ஒவ்வொன்றும் ஒரு கேலக்ஸி ஆகலாம். இதற்கு ஒரு பைட் கூட அதிகம் செலவாகாது. பிரேபனும் பெல்லும் முதலில் நினைத்ததே அதுதான். வேண்டாம் என்று சொன்னது ஏக்கார்ன்சாஃப்ட். அவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னால், ஆடுபவருக்கு இது எந்திரம் உற்பத்தி செய்யும் ஊர் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும், பிரமிப்பு போய்விடும் என்பது அவர்கள் வாதம். இந்தத் தடவை இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அதாவது எட்டு என்பது கம்ப்யூட்டர் போட்ட எல்லை இல்லை, மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து வைத்தது. எது நல்ல கேலக்ஸி என்றும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றில் ஊர்ப் பெயர் ஆபாச வார்த்தையாக அமைந்துவிட்டதால் அந்தக் கேலக்ஸியையே தூக்கிப் போட்டதாகச் சொல்வார்கள்.

இன்னொரு முடிவும் உண்டு. 1980-ல் வந்த 'ரோக்' விளையாட்டில் ஒவ்வொரு முறையும் புதுப் புதுப் பாதாள அறைகள் உருவாகும். 1982-ல் கேரல் ஷா எழுதிய 'ரிவர் ரெய்டு', ஆற்றின் வளைவுகளைச் சேமிக்காமல் கணக்குப் போட்டே வரைந்தது. ஆகவே கணக்கால் உலகம் செய்வது எலீட்டின் கண்டுபிடிப்பு இல்லை. எலீட் அதை வைத்து எல்லோருக்கும் பொதுவான ஒரு பூகோளத்தைச் செய்தது. லண்டனில் ஆடினாலும் கிளாஸ்கோவில் ஆடினாலும் லேவ் அதே இடத்தில்தான், ரியட்குவாட்டில் எப்போதும் அராஜகம்தான். அதனால் ஒருவர் கண்டுபிடித்த வியாபார வழி இன்னொருவருக்கும் பயன்பட்டது. பள்ளியில், கடிதத்தில், பத்திரிகையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள முடிந்தது.

எல்லை வேண்டாம் என்று போனால் என்ன ஆகும் என்பதை 2016-ல் பார்த்தோம். 'நோ மேன்ஸ் ஸ்கை' 2-இன் 64 அடுக்கு கிரகங்களோடு வந்தது. வந்த வேகத்திலேயே பலரும் சொன்ன குறை, எங்கே போனாலும் ஒரே மாதிரி இருக்கு என்பதுதான். (பிறகு பல வருஷம் உழைத்து அதை நன்றாகவே மாற்றினார்கள், அது வேறு கதை.) 1984-ல் ஏக்கார்ன்சாஃப்ட் பயந்தது சரியாகத்தான் இருந்திருக்கு.

ஆக, இந்தக் கதையில் மூன்று விதமான எல்லைகள் இருக்கின்றன. ஒன்று எந்திரத்தின் எல்லை: 32 கே.பி. அதை ஏற்றுக்கொண்டு, அதற்குள் வழி தேடினார்கள். இரண்டாவது சந்தையின் எல்லை: பத்து நிமிஷம், மூணு உயிர். அதை மறுத்தார்கள். மூன்றாவது, வேண்டுமென்றே வைத்துக்கொண்ட எல்லை: எட்டு. "மெமரி இல்லை, அதனால் மூளை வேலை செய்தது" என்ற வாக்கியத்தில் முதலாவது மட்டும்தான் இருக்கு. அதே வருஷங்களில் அதே 32 கே.பி.யில் எத்தனையோ பேர் பேக்-மேனை நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் மெமரி குறைவுதானே?

இல்லாமை வேறு

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அந்த வாக்கியத்தை நம்மூரில் கொஞ்சம் ஆபத்தாகப் பயன்படுத்துகிறோம். "வசதி இல்லாட்டிதான் பிள்ளைங்க நல்லா யோசிப்பாங்க", "எல்லாம் கிடைச்சா சோம்பேறி ஆயிடுவாங்க" என்று எத்தனை மேடைகளில் கேட்டிருக்கோம்! ஆய்வகம் இல்லாத பள்ளிக்கு, நூலகம் இல்லாத ஊருக்கு ஆறுதல் சொல்ல இது சுலபமான வழி. எலீட் மாதிரிக் கதைகள் அதற்குச் சாட்சியாக நிறுத்தப்படுகின்றன.

சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்து பாருங்க. பிரேபனுக்கும் பெல்லுக்கும் மெமரிதான் குறைவு, மற்றது எதுவும் குறைவில்லை. சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. நினைத்த நேரத்தில் உட்கார்ந்து, தப்புத் தப்பாக எழுதிப் பார்த்து, அழித்து, மறுபடி எழுத ஏறக்குறைய இரண்டு வருஷம் கிடைத்தது. அந்தக் கம்ப்யூட்டரைச் செய்த நிறுவனமே அதே ஊரில் இருந்தது. ஒரு நிறுவனம் முடியாது என்று சொன்னால், எழுந்து போய் இன்னொன்றின் கதவைத் தட்டும் தெம்பும் இருந்தது.

எங்கள் பள்ளியிலும் அதே 6502, அதே 32 கே.பி. எந்திரத்தின் எல்லையில் ஒரு பைட் கூட வித்தியாசம் இல்லை. எங்களிடம் இல்லாதது நேரம். கீபோர்டில் தனியாக உட்காரும் நேரம், தப்பு செய்து பார்க்கும் நேரம். நாலு நிமிஷத்தில் யாராலும் அண்டம் கட்ட முடியாது. என்னோடு அந்த மேசையைச் சுற்றி நின்ற நாலு பேரில் இதைவிடப் பெரிதாக எதையாவது கட்டக்கூடிய ஒருத்தன் இருந்தானா என்று தெரிந்துகொள்ள இனி வழியே இல்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆசிரியரைக் குறை சொல்லவில்லை, பாவம் அவர். ஒரு பெட்டி ரிப்பேர் ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். துணி போட்டு மூடித்தான் ஆகணும்.

இதைப் பிரேபனே புரிந்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். 2009-ல் கேம்பிரிட்ஜில் தொடங்கப்பட்ட ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். பிள்ளைகள் கையில் மலிவான கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுக்கணும், அவர்கள் அதைத் தைரியமாக நோண்டிப் பார்க்கணும் என்பதுதான் அதன் நோக்கம். 2012 பிப்ரவரி 29 அன்று முதல் பலகை விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். பெயர் 'மாடல் பி', பிபிசி மைக்ரோவின் நினைவாக.

மெமரிக் குறைவுதான் மூளையை வேலை செய்ய வைக்கும் என்று அவர் நம்பியிருந்தால், அந்தப் பலகையில் 32 கே.பி. வைத்திருக்கலாம், செலவும் மிச்சம். வைத்தது 256 எம்.பி. பிபிசி மைக்ரோவைப் போல 8192 மடங்கு. மலிவாக வைத்தது விலையை மட்டும்தான். ஒரு பிள்ளைக்கு ஒன்று என்று வாங்க முடியணும், துணி போட்டு மூடி வைக்கிற அளவுக்கு யாரும் பயப்படக் கூடாது என்பதற்காக.